ஆறரை லட்சம் கொட்டேஷனைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்

கேள்வி: திருச்சியில் மூன்று மாடிக் குடியிருப்பின் மேல் மாடியில், 12 வருடப் பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கியிருக்கிறோம். 740 சதுர அடி, இரண்டு படுக்கையறை. நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன், 71 வயது மாமியார் என்று ஐந்து பேர். மாமியாருக்கு முழங்கால் வலி, ஹாலில்தான் படுக்கிறார். ஹால் பகலிலும் இருட்டு. மேற்குப் பக்கப் படுக்கையறையில் சாயங்காலம் உட்கார முடியவில்லை, அவ்வளவு வெக்கை. எல்லா அறையிலும் கடப்பா கல் அலமாரிகள் திறந்தே கிடக்கின்றன, எந்தச் சாமானும் மறைவதில்லை. பிள்ளைகளுக்குப் படிக்க இடமில்லை, மடக்கு மேசை போடலாமா என்று மகள் கேட்கிறாள். ஓர் இன்டீரியர் நிறுவனம் 6,40,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறது, அதையும் வீட்டு போட்டோக்களையும் இணைத்திருக்கிறேன். கையில் இரண்டரை லட்சம்தான் இருக்கிறது. மீதிக்கு பர்சனல் லோன் போடலாமா? பூஜைக்கு எங்கே இடம் ஒதுக்குவது? ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம்?
— ஒரு வாசகி, திருச்சி

வணக்கம் சகோதரி.

லோன் போடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் பணத்துக்குள்ளேயே நீங்கள் கேட்ட எல்லாவற்றையும் செய்ய முடியும்.

கொட்டேஷனை வரி வரியாகப் பார்த்தேன். அதில் பெரிய தொகைகள் மூன்று: ஹாலுக்கும் ஓர் அறைக்கும் ஃபால்ஸ் சீலிங், டிவி சுவர் முழுக்க பேனல், சமையலறையையும் அலமாரிகளையும் இடித்துவிட்டுப் புதிதாகச் செய்வது. உங்கள் கடிதத்தில் இருக்கும் குறைகளோ இருட்டு, வெக்கை, சாமான் மறையாதது, படிக்க இடமில்லாதது. பேனலால் இதில் ஒன்றுமே தீராது. ஃபால்ஸ் சீலிங் வெக்கையைக் கொஞ்சம் குறைக்கும், அதைவிட மலிவான வழி இருக்கிறது. இடித்துக் கட்டுவது சாமான் பிரச்சினையைத் தீர்க்கும், ஆனால் ஏற்கெனவே இருப்பதற்கு இரண்டாவது முறை விலை கொடுத்துத் தீர்க்கும்.

உங்கள் வீட்டில் கடப்பா கல் தட்டுகளும் மேலே கான்கிரீட் பரணும் இருக்கின்றன. நம் ஊர் வீடுகளில் கட்டும்போதே இதைச் செய்துவிடுவார்கள், புதிதாக வாங்குகிறவர்கள் இதைப் பழசு என்று நினைத்துவிடுகிறார்கள். கடப்பா கல்லைக் கரையான் தின்னாது, தண்ணீர் பட்டால் ஊதாது, அரிசி மூட்டையை வைத்தாலும் வளையாது. புதிதாகச் செய்யும் பிளைவுட் அலமாரியின் விலையில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் பெட்டிக்குப் போகிறது. உங்களிடம் அந்தப் பெட்டி கல்லாகவே இருக்கிறது. அதற்குக் கதவு மட்டும் போட்டால் போதும். கல்லை இடிக்கச் சொல்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். கலர் பொருந்தாது என்பார். கதவு மூடியபின் உள்ளே இருக்கும் கல்லின் கலர் யாருக்குத் தெரியப்போகிறது?

படுக்கையறை அலமாரிக் கதவுகளுக்கு 18 அல்லது 19 மில்லிமீட்டர் பிளைவுட் சொல்லுங்கள். பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 303 என்று அச்சிட்டிருக்கும், அறைகளுக்கு அது போதும். அறுப்பதற்கு முன் பலகையைக் காட்டச் சொல்லி, நீங்களே பாருங்கள். மைக்கா வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு நாளாக ஆக வளையும். வெளியே 1 மில்லிமீட்டர் மைக்கா, உள்ளே மெல்லிய லைனர் என்று இரண்டு பக்கமும் ஒட்டியாக வேண்டும். ஓரங்களுக்கு எட்ஜ் பேண்ட் என்ற மெல்லிய பட்டை. கீல் மட்டும் பெயர் தெரிந்த கம்பெனியில் வாங்குங்கள், தினமும் அசைகிற உறுப்பு அதுதான்.

ஒன்றைக் கதவு போடும் முன் அளந்துவிடுங்கள். பழைய கடப்பா தட்டுகள் பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல ஆழம்தான் இருக்கும். ஹேங்கரில் சட்டை மாட்டினால் 22 அங்குலமாவது வேண்டும், இல்லையென்றால் கதவு மூடாது. அதற்காகக் கல்லை இடிக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பகுதியில் நடுத்தட்டை மட்டும் எடுத்துவிட்டு, குறுக்கே போடும் கம்பிக்குப் பதிலாக முன்பக்கம் இழுக்கிற மாதிரிக் கம்பி ஒன்றை மாட்டுங்கள். ஹேங்கர்கள் நம்மைப் பார்த்தபடி ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கும். புடவை, வேட்டி, பிள்ளைகளின் யூனிஃபார்ம் எல்லாம் மடித்து வைப்பதுதானே, அவற்றுக்கு இந்த ஆழம் தாராளம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டடி கூட இல்லாத அறையில் மட்டும் ஸ்லைடிங் கதவு. மற்ற இடங்களில் சாதாரணக் கீல் கதவே நல்லது, ஒரே நேரத்தில் முழு அலமாரியும் கண்ணுக்குத் தெரியும்.

பரணுக்கும் கதவு போட இன்டீரியர் நிறுவனத்தார் சொல்லியிருக்கிறார்கள். போடுங்கள், ஆனால் கடைசியில். முதலில் அங்கே இருப்பதைக் கீழே இறக்குங்கள். போகி வரை காத்திருக்க வேண்டாம். கொலுப் படி, பித்தளை அண்டா, விருந்தாளிகளுக்கான பாய் தலையணை இதெல்லாம் பரணில் இருக்க வேண்டியவை. பழைய மிக்ஸி, டிவி வந்த அட்டைப்பெட்டி, யாரும் போடாத ஷூ இதற்கெல்லாம் கதவு போட்டுப் பாதுகாக்க வேண்டியதில்லை.

சமையலறைக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கொட்டேஷனில் மிகப் பெரிய வரி அது. மேடைக்குக் கீழே கல் தடுப்புகள் இருப்பது போட்டோவில் தெரிகிறது. அந்தத் தடுப்புகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளந்துகொண்டு பாத்திரக் கடைக்கோ ஹார்டுவேர் கடைக்கோ போங்கள். எவர்சில்வர் கூடைகள் 15, 17, 19, 21 அங்குல அகலங்களில் சேனலோடு கிடைக்கின்றன. தினமும் எடுக்கும் தட்டு, டம்ளர், கரண்டி, மளிகை இவற்றுக்கு மூன்று அல்லது நான்கு கூடை போதும். குனிந்து, கையை உள்ளே விட்டுத் துழாவுகிற வேலை இதோடு தீரும். மற்றத் தடுப்புகள் கதவோடு அப்படியே இருக்கட்டும். சமையலறைக் கதவுகளுக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட் கேளுங்கள், ஈரத்தைத் தாங்கும். சிங்குக்குக் கீழே மட்டும் மரமே வேண்டாம். எவ்வளவு நல்ல பலகையானாலும் அங்கே குழாய் கசிந்து ஊறித்தான் போகும். அலுமினியம் ஃபிரேம் கதவோ பிவிசி கதவோ போடுங்கள். பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் என்று கொட்டேஷனில் சமையலறை வரியில் எங்கேயாவது இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள், இரண்டும் தண்ணீரில் ஊதிவிடும்.

கேஸ் சிலிண்டரை அலமாரிக்குள் வைத்து மூடச் சொல்லியிருக்கிறார்கள். இதில் கவனம் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்றுப் போகும் ஓட்டைகள் அல்லது ஜாலி கண்டிப்பாக இருக்க வேண்டும், மேலே மட்டும் ஓட்டை வைத்தால் பயனில்லை. ரெகுலேட்டரைக் கையை நீட்டினதும் மூட முடிகிற மாதிரி இருக்க வேண்டும். சிலிண்டர் இருக்கும் தடுப்புக்குள் சுவிட்ச், பிளக் எதுவும் கூடாது.

கிரைண்டரை உள்ளே தள்ளி மறைக்க நினைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் மாவு அரைக்கிற வீட்டில் அதைத் தூக்கி எடுத்து வைப்பது இடுப்புக்கு ஆகாது. மேடையின் ஒரு மூலையில், பக்கத்திலேயே பிளக் பாயின்டோடு, அதற்கென்று ஒன்றரை அடி இடத்தை விட்டுவிடுங்கள். ஒரு சமையலறை நன்றாக இருக்கிறதா என்பதை நான் அதில் கிரைண்டருக்கு இடம் வைத்திருக்கிறார்களா என்பதை வைத்துத்தான் பார்ப்பேன். கேட்லாக் படங்களில் பெரும்பாலும் அது இருக்கவே இருக்காது.

இன்னொன்று, சமையலறை டியூப் லைட் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. காய் நறுக்கும்போது உங்கள் நிழல் பலகை மேல் விழும். மேடைக்கு மேலே இருக்கும் தட்டின் அடியில், முன் விளிம்போரமாக, ஒரு மெல்லிய எல்இடி பேட்டன் மாட்டுங்கள். இந்த வீட்டில் குறைந்த செலவில் கிடைக்கப்போகிற மிகப் பெரிய வசதி அதுதான்.

அடுத்து வெக்கை. நீங்கள் இருப்பது மேல் மாடி. பகல் முழுக்கக் காய்ந்த மொட்டை மாடி ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். ஃபால்ஸ் சீலிங் போட்டால் அந்தச் சூட்டுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு திரை விழுகிறது, அவ்வளவுதான், தளம் சூடாவது நிற்காது. அறையின் உயரத்திலும் அரையடி போய்விடும், ஃபேன் இன்னும் கீழே இறங்கும். அதைவிட எனக்குப் பெரிய கவலை மழை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தளத்தில் ஒரு விரிசல் வழியாகக் கசிந்தால், வெற்றுச் சீலிங்கில் எந்த இடம் என்று உடனே தெரிந்துவிடும். ஜிப்சம் போர்டு மூடியிருந்தால் அது ஊறித் தொங்கும்போதுதான் தெரியவரும், அப்போதும் விரிசல் எங்கே என்று தெரியாது. 12 வருடப் பழைய கட்டடத்தின் மேல் மாடியில் நான் ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்லவே மாட்டேன்.

சூட்டை மேலேயே தடுக்க வேண்டும். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் பகுதிக்கு மட்டும், உங்கள் செலவில் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். முதலில் தளத்தில் பதித்த தட்டோடுகள் பெயர்ந்த இடங்களையும் இணைப்புகளையும் கொத்தனாரை வைத்துச் சரிசெய்து, நன்றாகக் காய்ந்தபின் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் இரண்டு கோட். அதுவும் முடியாவிட்டால் வெறும் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும், ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். இதெல்லாம் வேலைக்கு ஆகுமா என்று சங்கத்தில் யாராவது கேட்டால், தெலங்கானா அரசு 2023-இல் இந்த மாதிரிக் கூரைகளுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்திருக்கிறது என்று சொல்லுங்கள். இந்த வேலை பங்குனிக்குள் முடிந்தால் அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே பலன் கிடைக்கும்.

மேற்கு அறை ஜன்னலுக்குத் தடிமனான திரை வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபின் திரையால் தடுத்து என்ன பயன்? சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடின் விளிம்பிலிருந்து இறங்குகிற மாதிரி மூங்கில் தட்டியோ பச்சை நிழல்வலையோ கட்டுங்கள். மதியம் இரண்டு மணிக்கு இறக்கி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடலாம். சாயங்காலம் வெளியே குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும், அதற்கு எல்லா ஜன்னலுக்கும் வெல்க்ரோ கொசுவலை வேண்டும். கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே ஜன்னலை மூடுவதால்தான் பாதி வீடுகளில் ராத்திரி தூக்கம் கெடுகிறது. ஃபேன் மாற்றுவதாக இருந்தால் பிஎல்டிசி வகை வாங்குங்கள். பழைய ஃபேன் 75 வாட் அளவில் இழுக்கும் இடத்தில் இது 30 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும்.

ஹால் இருட்டுக்குக் காரணம் போட்டோவிலேயே தெரிகிறது. ஒரே ஜன்னல், அதற்கு நாலடி தூரத்தில் பக்கத்துக் கட்டடச் சுவர். அந்த ஜன்னலில் இப்போது மெரூன் திரை தொங்குகிறது, முதலில் அதை எடுங்கள். வெள்ளைக் கைத்தறித் துணி, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி. கரூர்த் துணிக் கடைகளில் திரைத்துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும், ரெடிமேட் திரையைவிட மலிவு. கம்பியை ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரையடி நீட்டி மாட்டினால் திரையை ஒதுக்கும்போது ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும். பக்கத்துச் சுவர்க்காரரிடம் பேசிப்பாருங்கள். உங்கள் ஜன்னலுக்கு நேரே இருக்கும் பகுதிக்கு மட்டும் வெள்ளை அடிக்கச் சம்மதித்தால், அங்கே பட்டுத் திரும்பும் வெளிச்சம் உங்கள் ஹாலுக்குள் வரும்.

கலர் கேட்டிருந்தீர்கள். சீலிங் சுத்த வெள்ளை. சுவர்கள் மோர் நிறம் மாதிரி லேசான வெள்ளை, நாலு சுவரும் ஒரே நிறம். ஒரு சுவருக்கு மட்டும் அடர்த்தியான கலர் என்று கொட்டேஷனில் இருப்பது வெளிச்சமான ஹாலுக்கு அழகாக இருக்கும், உங்கள் ஹாலுக்கு வேண்டாம், இருக்கிற வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். முடிவு செய்யும் முன் சின்ன டப்பா வாங்கி, இரண்டு சுவரில் இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பாருங்கள். காலையிலும் பார்க்க வேண்டும், ராத்திரி லைட் போட்டும் பார்க்க வேண்டும். பால்கனிப் பக்கச் சுவரில் அடியில் பெயின்ட் உரிந்து உப்புப் பூத்திருக்கிறது. அது ஓதம், அதாவது சுவருக்குள் இறங்கிய ஈரம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் அதன்மேல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே உரியும். வால்பேப்பர் ஒட்டினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

லைட்டுக்கு: ஹாலில் இப்போதிருப்பது வாசல் கதவுக்கு மேல் ஒரே டியூப். எதிர்ச் சுவரிலும் ஒன்று வந்தால் நிழல் குறையும். இரண்டும் 4000 கெல்வின் நிறத்தில் இருக்கட்டும் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண் இது, குறையக் குறைய மஞ்சள் கூடும்). 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருப்பது ஆஸ்பத்திரி வெள்ளை, படுக்கையறைக்கு ஆகவே ஆகாது, அங்கே 3000 வாங்குங்கள். டிவி பேனலுக்குப் பதிலாக, வயர்கள் மறைய ஒரு பிவிசி பட்டி, கீழே ஓரடி ஆழத்தில் ஒரு நீளமான தாழ்ந்த அலமாரி போதும். டிவியின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் வந்தால் உட்கார்ந்து பார்க்கக் கழுத்து வலிக்காது. கொட்டேஷனில் படத்தில் இருப்பது ஐந்தடி.

பிள்ளைகள் படிக்க மடக்கு மேசை போடலாமா என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மடக்குவதற்குத் தினமும் அதன் மேலிருக்கும் புத்தகத்தையெல்லாம் எடுக்க வேண்டும், ஒரு மாதத்தில் அது மடக்கப்படாத மேசையாகிவிடும். பிள்ளைகள் அறையில் ஜன்னலை ஒட்டிய சுவரில் ஆறடி நீளம், ஒன்றேமுக்கால் அடி அகலத்துக்கு ஒரே பலகை, சுவரில் பிராக்கெட் வைத்து நிரந்தரமாகப் பொருத்துங்கள். உயரம் 29 அங்குலம். சின்னவனுக்குக் கால் எட்டாது, ஒரு பலகையைக் காலடியில் போட்டால் சரி. நடுவில் ஒரு சின்னத் தடுப்பு வையுங்கள், சண்டை குறையும். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு, கதவு மூடினால் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் அலமாரியாவது கொடுங்கள். இடமில்லாத வீட்டில் அது ரொம்ப முக்கியம்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோன விஷயம். அத்தை ஹாலில் படுக்கிறார். இந்த வீட்டில் பணம் முதலில் செலவாக வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொட்டேஷனில் அவருக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை. இப்போது இருக்கும் தாழ்ந்த சோபாவிலிருந்து முழங்கால் வலியோடு எழுந்திருப்பது எவ்வளவு சிரமம்! சோபாவைக் கொடுத்துவிட்டு, தரையிலிருந்து மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குல உயரம் வருகிற திவான் ஒன்று செய்யுங்கள். கீழே இரண்டு இழுப்பறை அவருடைய துணிக்கு, மருந்துக்கு. பகலில் நாலு பேர் உட்காரலாம், ராத்திரி அவருடைய கட்டில். படுத்தபடியே கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச். திவானிலிருந்து பாத்ரூம் வரை நடக்கும் வழியில் மூன்றடி அகலம் விட்டு, எதையும் வைக்காதீர்கள், கால் தடுக்கும் மிதியடியும் வேண்டாம். அந்த வழியில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன ராத்திரி விளக்கு. பாத்ரூமில் டாய்லெட்டுக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் எவர்சில்வர் பிடிகம்பி, தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில், செங்கல்லுக்குள் ஆங்கர் போல்ட் இறங்கும்படி. துண்டு போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழக் கூடாது, அது உடல் எடையைத் தாங்குவதற்காகச் செய்ததில்லை.

பூஜை இடத்தை அத்தையைக் கேட்டு வைப்பதுதான் முறை. என் யோசனை, ஹாலின் கிழக்குச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஓரடி ஆழக் கல் மாடம். விளக்கு எரியும் இடத்துக்குப் பின்னாலும் மேலேயும் மைக்காவோ பிளைவுட்டோ வேண்டாம், டைல்ஸ் ஒட்டுங்கள், புகைக்கரியைத் துடைத்துவிடலாம். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விளக்கேற்றும் உயரத்தில் நடுத்தட்டு வரட்டும்.

பணத்தைப் பற்றி. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் விலை மாறும், அதனால் ஒரு பங்கீடு மட்டும் சொல்கிறேன். அலமாரி, சமையலறைக் கதவுகள், கூடைகளுக்கு ஒரு லட்சம். பெயின்ட்டும் ஓத வேலையும் 50,000. மொட்டை மாடிக்கு 30,000. திவான், பிடிகம்பி, படிப்பு மேசை 35,000. லைட், ஒயரிங், கொசுவலை, திரை 20,000. மீதி 15,000 எதிர்பாராத செலவுக்கு, அதைத் தொடாதீர்கள். தட்டுப்பாடு வந்தால் பெயின்ட்டைத் தள்ளிப்போடலாம், பரண் கதவையும் தள்ளிப்போடலாம். பிடிகம்பியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அது இந்த வாரமே நடக்கட்டும்.

வேலை வரிசை: முதலில் மொட்டை மாடியும் ஓதமும், அப்புறம் எலக்ட்ரிக்கல், அப்புறம் மரவேலை, அப்புறம் பெயின்ட், கடைசியில் லைட் மாட்டுவதும் திரையும். பெயின்ட் அடித்தபின் கார்பென்டரை வரவழைத்தால் மறுபடி ஒருமுறை பெயின்டரைக் கூப்பிட வேண்டிவரும். கார்பென்டரிடம் சதுர அடிக் கணக்கா, கூலி மட்டுமா, கதவு முகப்பை மட்டும் அளப்பாரா என்பதைப் பேசி ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலகையின் தரம், மைக்கா கம்பெனி, கீல் கம்பெனி மூன்றும் அதில் இருக்க வேண்டும். முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம், கடைசிப் பத்துப் பங்கில் ஒன்றை எல்லாக் கதவும் ஒழுங்காகத் திறந்து மூடுகிறதா என்று ஒரு வாரம் பார்த்தபின் கொடுங்கள்.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு தாளில் நீளம், அகலம், ஜன்னல், கதவு, பிளக் பாயின்ட் எங்கே என்று குறித்து, கல் தட்டுகளின் ஆழத்தையும் எழுதி அனுப்புங்கள். கதவுகளை எங்கே பிரிப்பது, எது ஸ்லைடிங், எது கீல் என்று அதிலேயே வரைந்து திருப்பி அனுப்புகிறேன். கார்பென்டரிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் போதும்.